கோழிக்கு நூறு ரூபாய், உப்புக்கு?

கேள்வி-பதில்

கொரோனா வந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நிவாரணக் கணக்கு முடியவில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி மரக்காணத்துப் பக்கத்திலிருந்து. அதனால் சினிமாக் கேள்விகள் அடுத்த இதழுக்கு.

*உப்பளத் தொழிலாளி, மரக்காணம்*
நாங்களும் பாத்தி கட்டுறோம், வரப்பு போடுறோம், தண்ணி பாய்ச்சுறோம், வெயில்ல நின்னு வாரி எடுக்குறோம். 2020-ல் விவசாயிக்கு 2,000 ரூபாய் வந்தப்ப எங்களுக்கு மட்டும் ஏன் வரலை?

பாத்தி இருக்கிறது, வரப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. பயிர் பச்சையாக இல்லையே ஐயா! அரசு கணக்கில் நீங்கள் விவசாயி இல்லை, தொழில்துறை. அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 58-வது இனம் உப்பு. டெல்லியில் அது வேளாண் அமைச்சகத்தின் கீழ் வராது, வர்த்தக-தொழில் அமைச்சகத்தின் கீழ் வரும். உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் இருப்பதோ ஜெய்ப்பூரில். கடல் இல்லாத ஊர்தான், ஆனால் பக்கத்திலேயே சாம்பர் உப்பு ஏரி இருக்கிறது. மரக்காணத்து வெயில் அங்கே போய்ச் சேர நாளாகும்.

அந்த 2,000 ரூபாய் வந்தது பி.எம். கிசான் திட்டத்தில், அது வேளாண் அமைச்சகத்தின் பணம். சாகுபடி நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். உப்பளத்தில் கூலிக்குப் போகிறவருக்குச் சாகுபடியும் இல்லை, நிலமும் இல்லை. இரண்டு கேள்வியிலும் ஃபெயில்.

*ஆசிரியர் (ஓய்வு), பிரம்மதேசம்*
அந்த 2,000 ரூபாய் உண்மையிலேயே கொரோனா நிவாரணமா?

பாதி உண்மை. 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பு அறிவித்தார். 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே 2,000 ரூபாய் என்பது அதில் ஒரு வரி. ஆனால் வருஷத்துக்கு மூன்று தவணையாக 6,000 ரூபாய் என்பது 2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். ஏப்ரல் முதல் ஜூலைக்குள் எப்படியும் வர வேண்டிய தவணைதான் முதலிலேயே வந்தது. சம்பளத்தை ஒன்றாம் தேதியே கொடுத்துவிட்டு ‘போனஸ்’ என்று கவர்மேல் எழுதின மாதிரி.

நூறு நாள் வேலைக் கூலியை உயர்த்தியதையும் அதே தொகுப்பில்தான் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் 229 ரூபாய் 256 ஆனது. ஏப்ரல் மாதம் பிறந்தால் அந்தக் கூலி வருஷா வருஷம் திருத்தப்பட்டு வந்ததுதான். இதில் இன்னொரு வேடிக்கை, கூலி உயர்ந்த முதல் மூன்று வாரம் வேலையே கிடையாது. ஏப்ரல் 20-க்குப் பிறகுதான் அனுமதி.

*குத்தகை விவசாயி, முருக்கேரி*
ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து தர்பூசணி போட்டிருந்தேன். ஊரடங்குல லாரி வரலை, காய் அத்தனையும் வயல்லயே வெடிச்சுது. நிலத்துக்காரர் சென்னையில இருக்கார். அவருக்கு 2,000 வந்துச்சாம். இது நியாயமா சார்?

நியாயம் இல்லை, ஆனால் விதி அப்படித்தான். 2019 பிப்ரவரி 1-ம் தேதி நிலம் யார் பெயரில் இருந்ததோ அவரே விவசாயி. உழுதவர் யார், நட்டவர் யார், காய் வெடித்தபோது தலையில் கை வைத்தவர் யார் என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் இடமே கிடையாது.

உங்கள் நிலத்துக்காரர் வருமான வரி கட்டுகிறவராகவோ, அரசு ஊழியராகவோ (கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு), மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குகிறவராகவோ, டாக்டராகவோ வக்கீலாகவோ இருந்தால் அவருக்கும் அந்தப் பணம் கிடையாது. அவர் என்ன தொழில் செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள், அடுத்த வருஷமும் குத்தகை வேண்டுமே!

*மென்பொருள் ஊழியர், டெக்சாஸ் (சொந்த ஊர் திண்டிவனம்)*
இங்கே பண்ணைக்காரர்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். நம் ஊரில் ஏன் கிள்ளிக் கொடுக்கிறார்கள்?

அள்ளினார்கள், உண்மைதான். 2020 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்த திட்டத்தின் மதிப்பு 1,900 கோடி டாலர். அதில் 1,600 கோடி பண்ணைக்காரர் கைக்கே போகும் பணம். செப்டம்பரில் இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு 1,400 கோடி வரை. பழைய மானியங்களும் சேர்ந்து அந்த ஒரே வருஷத்தில் அங்கே பண்ணைகளுக்குப் போன அரசுப் பணம் 4,500 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை எந்த வருஷமும் அவ்வளவு கொடுத்ததில்லை.

கணக்குப் போட்ட விதத்தைக் கவனியுங்கள். அங்கே விலை எவ்வளவு விழுந்தது, எத்தனை மாடு, எத்தனை பன்றி, எத்தனை டன் சோளம் என்று எண்ணிக் கொடுத்தார்கள். நம் முருக்கேரிக்காரர் அங்கே இருந்திருந்தால் வெடித்த தர்பூசணிக்குக் கணக்குக் கேட்டிருப்பார்கள். குத்தகையாக இருந்தாலும், நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பதே கேள்வி. இதில் நாம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

எண்ணிக் கொடுப்பதில் ஒரு வில்லங்கமும் உண்டு. நூறு மாடு வைத்திருப்பவருக்கு நூறு பங்கு, பத்தாயிரம் வைத்திருப்பவருக்குப் பத்தாயிரம் பங்கு. அதனால் தலைக்கு உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர் என்று கோடு போட்டார்கள். அன்றைய மதிப்பில் ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்கு மேல். இங்கே இருபது சென்ட்காரருக்கும் 2,000, இருபது ஏக்கர்காரருக்கும் 2,000. அங்கே பெரியவருக்குப் பெரிசு, இங்கே எல்லாருக்கும் சிறிசு. கூலிக்காரர் இரண்டு இடத்திலும் வேலிக்கு வெளியே. கலிபோர்னியாவில் பழம் பறிக்கிற மெக்சிகோக்காரரைப் பார்த்தால் மரக்காணத்தில் ஒரு சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்லுங்கள்.

*கல்லூரி மாணவர், விழுப்புரம்*
பி.எம். கிசான் மோசடி என்றாலே எங்கள் மாவட்டத்துப் பெயர் வருகிறதே, என்ன நடந்தது? அப்போது எனக்குப் பதிமூன்று வயது.

உங்கள் வயதுக்காரர்கள் ஆன்லைன் கிளாஸில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிய நாட்களில், உங்கள் மாவட்டத்தில் சிலர் ஆன்லைனில் ராத்திரி பகலாக உழைத்தார்கள் தம்பி.

முதலில் நில ஆவணத்தைச் சரிபார்த்துத்தான் ஆள் சேர்த்தார்கள். பிறகு, விவசாயி தானே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி திறந்தது. நல்ல யோசனைதான், ஊரடங்கில் யார் ஆபீசுக்கு அலைவது? பதிவு செய்தால் மட்டும் பணம் வராது. வட்டார வேளாண் அலுவலகம் தன் லாகினில் போய் ஒப்புதல் தர வேண்டும். அந்த லாகினின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் ஒப்பந்தப் பணியாளர் கைக்கு வந்தன. அங்கிருந்து கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் புரோக்கர்களுக்கும் போயின. அதற்குப் பிறகு பட்டாவும் வேண்டாம், சிட்டாவும் வேண்டாம். ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் இருந்தால் ஒரு சென்ட் நிலம் இல்லாதவரும் ஒரே கிளிக்கில் விவசாயி. பசுமைப் புரட்சியே இவ்வளவு வேகமாக விவசாயிகளை உருவாக்கியதில்லை.

2020 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பெயர்கள் முன்னால் அடிபட்டன. 2019 நவம்பர் வரை இரண்டும் ஒரே மாவட்டம்தானே, சொத்தைப் பிரித்தாலும் சொந்தம் விடுமா? சி.பி.சி.ஐ.டி. வந்தது. 13 மாவட்டங்களில் வழக்கு. ஒன்றிய அரசு பிறகு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, சோதித்த 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் போலி. போன பணம் 321 கோடி, அதுவரை மீட்டது 158 கோடிச் சொச்சம். கைதானவர்கள் 101 பேர். அவர்களில் துறை ஊழியர்கள் 19 பேர், மற்றவர்கள் 82 பேர்.

என்னைக் கேட்டால், போலி விவசாயிகள் என்று அந்த ஐந்து லட்சம் பேரையும் ஒரே கூண்டில் ஏற்றுவது சரியில்லை. ஏன் என்பதை அடுத்த கடிதம் சொல்கிறது.

*ஒரு மகள், மரக்காணம்*
அம்மா உப்பளத்துல தலைச்சுமை வேலை. 2020-ல் ‘கொரோனா பணம் வருது’ன்னு சொல்லி ஆதாரும் பேங்க் புக்கும் வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டு தடவையா 4,000 வந்துச்சு, அதுல எழுதித் தந்தவருக்குக் கமிஷன் வேற. அப்புறம் பேங்க்ல பணத்தைத் திருப்பி எடுத்துட்டாங்க. ‘நான் திருடியாடி?’ன்னு அம்மா இன்னமும் கேக்குது. என்ன சொல்றது?

இல்லை என்று சொல்லுங்கள். சத்தமாகவே சொல்லுங்கள்.

அந்தக் கோடையில் எத்தனை ‘கொரோனா பணம்’ வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் நிஜமாகவே வந்தது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 வீதம் மூன்று மாதம் நிஜமாகவே வந்தது. மூன்றாவதாக ஒருவர் வந்து ‘இன்னொண்ணு இருக்கு’ என்றால் நம்பாமல் என்ன செய்வது? விவசாயி என்று உங்கள் அம்மா எங்கும் சொல்லவில்லை, சொன்னவர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர். பிடித்துக்கொண்ட பணத்தில் அவருடைய கமிஷனும் அடக்கம் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மறு வருஷம் நடந்ததையும் அம்மாவிடம் சொல்லுங்கள். 2021 மே 7, மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்ற அன்றே போட்ட கையெழுத்துகளில் ஒன்று அரிசி கார்டுக்கு 4,000 ரூபாய். இரண்டு தவணை, தவணைக்கு 2,000. சுமார் 2.07 கோடி கார்டுகள். உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். அதே அம்மா, அதே வீடு, அதே நாலாயிரம்! ஒரு வருஷம் வழக்கு, மறு வருஷம் டோக்கன்.

பாக்கி கட்டச் சொல்லி இனி யாராவது வந்தால் கையில் காசு கொடுக்காதீர்கள். வங்கியில் பணம் எடுக்கப்பட்ட நாளுக்கான ஸ்டேட்மென்ட்டை வாங்கிக்கொண்டு மரக்காணம் வட்டார வேளாண் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

*கடைக்காரர், அனுமந்தை*
கொரோனா ரெண்டு வருஷத்துல உப்பள வீட்டுக்கு மொத்தம் எவ்வளவுதான் வந்திருக்கும்?

கல்லாவில் உட்கார்ந்தவர் கேட்கிற கேள்வி! 2020-ல் கார்டுக்கு 1,000. வீட்டில் ஜன்தன் கணக்கு இருந்தால் 1,500. 2021-ல் 4,000. ஆக ரொக்கம் 6,500. அதோடு ரேஷன் அரிசி, பருப்பு, 2021 ஜூனில் 14 வகை மளிகைப் பை. இது எந்த ஏழை வீட்டுக்கும் வந்ததுதான். உப்பு என்ற பெயரில் தனியாக வந்த பைசா இதில் இல்லை.

இழந்த பக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்து, ஜனவரியில் சேறு மிதித்துப் பாத்தியைச் செப்பனிட்டு, பக்கிங்காம் கால்வாய்ப் பக்கத்து உப்புத்தண்ணீரைத் தேக்கி, பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுவார்கள். கடல்நீரின் உப்படர்த்தி மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அது 25 டிகிரிக்கு ஏறினால்தான் உப்புப் பூக்கும். மார்ச் கடைசியில் வெயில் ஏற ஏற பாத்தி வெளுக்கும், வருஷத்துச் சம்பாத்தியமே அடுத்த மூன்று நான்கு மாதத்தில்தான். ஊரடங்கு வந்தது மார்ச் 25. பூத்த உப்பை வாராமல் போட முடியாது, வாரினால் வாங்க லாரி வேண்டும், லாரி வந்தால் ஏற்ற ஆள் கூட வேண்டும், ஆள் கூடினால் போலீஸ் வரும். அந்த மாதங்களின் விலை 6,500-ல் அடங்குமா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

*மீனவர், எக்கியார்குப்பம்*
எங்களுக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் இருக்கு. உப்பளத்து ஆளுங்களுக்கு மழைக்காலத்துல அடுப்பு எப்படி எரியுது?

பக்கத்து வீட்டு அடுப்பைப் பற்றி விசாரித்த முதல் வாசகர் நீங்கள்தான், வாழ்க!

உங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, கொரோனா வருஷத்தில் மட்டும் மே 31-லேயே முடித்துவிட்டார்கள். நிவாரணம் 5,000 இருந்தது 8,000 ஆனது. உப்பளத்துக்குத் தடை போடுவது மழை, அதற்கு அரசாணை தேவையில்லை. அக்டோபரில் ஒரு மணி நேரம் கொட்டினால் பத்து நாள் உழைப்பு கரைந்து கால்வாய்க்குப் போய்விடும். கரைமேல் அம்பாரம் போட்டு மூடி வைத்தது மட்டும் மிச்சம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 5,000 ரூபாய் உதவித் தொகையைத் தமிழக அரசு 2022-ல் கொடுக்கத் தொடங்கியது. உப்பு என்ற பெயரைச் சொல்லி ஒரு நிவாரணம் வந்தது அப்போதுதான். பெருந்தொற்று வந்த நேரத்தில் இதற்காகப் போட்ட தொழிலாளர் பட்டியல் மட்டும் கையில் இருந்திருந்தால்!

*இல்லத்தரசி, கூனிமேடு*
ஃபெஞ்சல் புயலில் செத்த கோழிக்குக்கூட அரசு பணம் கொடுத்ததாமே?

ஆமாம். 2024 டிசம்பரில் அறிவித்த பட்டியல் இது. பாசன நெல் ஹெக்டேருக்கு 17,000, மானாவாரி 8,500, பல்லாண்டுப் பயிர் 22,500, பசு 37,500, ஆடு 4,000, கோழி 100. கரைந்த உப்பு, உடைந்த வரப்பு என்று ஒரு வரி கிடையாது. 2020 நவம்பரில் நிவர் புயலும் இதே கரைமேல்தான் ஏறி வந்தது. புயலுக்கு உங்கள் விலாசம் மனப்பாடம், பட்டியல் போடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

கோழிக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. கோழி வளர்க்கிற உப்பளத் தொழிலாளிகள் அந்த நூறு ரூபாயாவது வாங்கினார்களா என்பதே என் கவலை.

*ஆட்டோ ஓட்டுநர், கோட்டக்குப்பம்*
அதே ஃபெஞ்சலுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் கார்டுக்கு 5,000. இந்தப் பக்கம் 2,000. மழை ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?

மழை ஒன்றுதான். கஜானா இரண்டு, கார்டுகளின் எண்ணிக்கையும் வேறு. சின்னக் குடும்பத்தில் பாயசம் தம்ளரில் வரும். அதற்காக அந்தப் பக்கம் குடிபோகாதீர்கள், வாடகை 3,000 கூட வரும்.

*வாசகர், கீழ்ப்புத்துப்பட்டு*
இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்களுக்குக் கொரோனா நிவாரணம் 4,000 கிடைத்தது. முகாமுக்கு வெளியே இருந்தவர்கள்?

அவர்களுக்கும் வந்தது. ரேஷன் கார்டு இல்லாமல் முகாமுக்கு வெளியே வசித்த 13,553 குடும்பங்களுக்கு 2021-ல் அதே 4,000 கொடுக்க அரசு தனியாக உத்தரவு போட்டது. பட்டியலில் இல்லாதவரைத் தேடிப் போய்ச் சேர்க்கவே முடியாது என்று எந்த அதிகாரியாவது சொன்னால், இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

*உப்பளக் குத்தகைதாரர், மரக்காணம்*
உப்பு உற்பத்தியை விவசாயம் என்று அறிவித்துவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் அல்லவா?

உங்கள் பிரச்சினை கொஞ்சம் தீரும். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன், 12,110 கோடி ரூபாய், தள்ளுபடி ஆனது. உப்பு பயிராக இருந்திருந்தால் நீங்களும் அந்த வரிசையில் நின்றிருக்கலாம். அந்த ஆசையில் தப்பில்லை.

ஆனால் முதல் கடிதம் எழுதியவருக்கு இதனால் என்ன லாபம்? விவசாயம் என்று ஆனதும் விவசாயி யார் என்று கேட்பார்கள். நிலம் யார் பெயரில் என்று பார்ப்பார்கள். மரக்காணத்து உப்பளங்களில் அரசு நிலமும் உண்டு, சங்கமும் உண்டு, குத்தகையும் உண்டு. வாருபலகை பிடிக்கிறவர் பெயர் எதிலும் இல்லை. முருக்கேரிக்காரர் கதைதான் உப்பிலும் நடக்கும். 2,000 ரூபாய் ஈ.சி.ஆர். வழியாகச் சென்னைக்குப் போகும்.

உப்புக்கென்று 1953 முதல் ஒரு செஸ் வரி வசூலித்தார்கள். தொழிலாளர் நலனும் அதன் நோக்கங்களில் ஒன்று. 2016-ல் அந்தச் சட்டமே ரத்து. அப்போது அதற்காக யாரும் சாலை மறியல் செய்யவில்லை. இப்போது கையில் இருப்பது மழைக்கால 5,000 ரூபாய்க்குப் போட்ட தொழிலாளர் பட்டியல் ஒன்றுதான். அது நிலத்தைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கிறது. அடுத்த பெருந்தொற்றோ புயலோ வரும்போது அந்தப் பட்டியலின்படி பணம் போட வேண்டும் என்று கேட்பதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. நீங்கள் குத்தகைதாரர். உங்கள் பாத்தியில் வேலை செய்கிற அத்தனை பேரும் அதில் இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டு, விவசாயக் கோரிக்கையை அப்புறம் எழுதுங்கள்.

*பெண் தொழிலாளி, கழிக்குப்பம்*
மழைக்கால உதவி லிஸ்டுல என் பேரு விட்டுப்போச்சு. கொரோனாவுல ஒண்ணுமே கிடைக்கலைன்னு சொல்லி மனு குடுக்கலாம்னு இருக்கேன். எப்படி எழுதணும் ஐயா?

திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய்விடுங்கள் அம்மா. வெள்ளைத்தாளில் பெயர், ஊர், எந்த அளத்தில் எத்தனை வருஷமாக வேலை, ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், கூட வேலை செய்கிற இரண்டு பேர் பெயர். ‘மழைக்கால உதவித் தொகைப் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டுகிறேன்’, இவ்வளவுதான் கோரிக்கை. மனுவுக்கு ரசீது வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

கொரோனா என்று மட்டும் எழுத வேண்டாம், அந்த ஃபைலைக் கட்டி பரணில் போட்டுவிட்டார்கள். மழை என்று எழுதுங்கள், அது அக்டோபரில் வந்துவிடும்.